அம்பு ஒட்டிய பால்

போன மாதம், எங்கள் ஷூ கம்பெனியின் செக்கிங் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்காமல் அதன் மூடியையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்குது. பெரியவன் இன்னும் பால் குடிக்கறான். நிறுத்திடணுமாக்கா?" என்று கேட்டாள்.

லைனில் இத்தனை பெண்கள் இருக்கிறோம். இவள் என்னிடம் வந்து கேட்டாள். "நர்சம்மாவக் கேளு. அவங்க சொல்றத மட்டும் கேளு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பாதிச் சோற்றைக் கொட்டினேன். யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம் மாலை வரைக்கும் இருந்தது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தியதற்காக ஒருத்தியிடம் சண்டைகூடப் போட்டேன்.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இனி நான் எழுதப்போவது எதுவும் அவளுக்கு நினைவில்லை. கேட்டால் சிரிக்கிறாள். "அவ்ளோ பெருசா ஆன அப்புறமும் பால் குடிச்சேனா? சீ" என்கிறாள். மறந்துபோனது அவளுக்கு நல்லதுதான். ஆனால் நடந்தது தெரிந்த ஒருத்தியாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மாதனூர் பக்கம். காலை ஏழு மணிக்கெல்லாம் ஷூ கம்பெனி பஸ் ரோட்டோரம் வந்து நிற்கும். வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. அவர் எனக்கு முன்பே கிளம்பிவிடுவார். குழந்தையைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் செத்தபிறகு எங்களோடு வந்துவிட்டவர். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லை. என் மகளைத் தன் பிள்ளைபோலத்தான் வளர்த்தார். அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போயிருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவரைப் பற்றிக் கடுமையாக எழுத வேண்டியிருக்கிறது.

கம்பெனியில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. தைத்து முடித்த ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். ஒவ்வோர் அப்பராக விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்ப்பேன். தையல் எங்கே விட்டிருக்கிறது, தோலில் எங்கே கீறல் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். அம்பு வடிவத்தில் இருக்கும். நகத்தளவுகூட இருக்காது. அம்பு ஒட்டியது ரிப்பேருக்குப் போகும். அங்கே சரி செய்துவிட்டு அம்பை உரித்துப் போடுவார்கள். அதற்கு அப்புறம் அது நல்ல அப்பர். "உனக்குப் பொறக்கும்போதே இந்த வேல எழுதியிருக்குது" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் வீட்டிலும் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பவள்.

அந்த அம்புகள் எங்கள் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். புடவையில், பையில், தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு முறை வீட்டுக்காரரின் பிடரியில் ஒன்று ஒட்டியிருந்தது. அன்று முழுக்க தோல் ஷாப்பில் அவரை எல்லோரும் கலாய்த்திருக்கிறார்கள். மகள் நடக்க ஆரம்பித்த சமயம், எங்கள் கூடத்தில் ஒரு சுவிட்ச் ஷாக் அடித்தது. எலக்ட்ரீஷியன் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தான். நான் அந்தச் சுவிட்சின்மேல் ஒரு அம்பை ஒட்டி, "இது ரிப்பேரு. தொடக் கூடாது. சரியானதும் அம்மா அம்ப எடுத்துடுவேன், அப்ப தொடலாம்" என்று சொல்லிவைத்தேன்.

அவள் தொடவே இல்லை. அடுப்படியில் ஏறுவாள், தண்ணீர்த் தொட்டியில் கையை விடுவாள், நாயின் வாலைப் பிடிப்பாள். அம்பு ஒட்டியதை மட்டும் தொட மாட்டாள். எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிவிட்டுப் போன அன்று, நான் அவளைத் தூக்கிக் காட்டினேன். குட்டி நகத்தால் அவளே அம்பைச் சுரண்டி எடுத்து, அந்த விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. அறுந்த செருப்பு, அப்பாவின் ஷேவிங் பிளேடு, கேஸ் அடுப்பின் திருகு, எல்லாவற்றிலும் அம்பு. ஒரு குழந்தை அத்தனை நம்புகிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவளுக்கு இரண்டு வயது முடிந்து ஏழு மாதம் ஆகியும் நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பாச்சி என்பாள். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தடவை, மாலையில் வந்ததும் ஒரு தடவை. மாலையில் கம்பெனி வாடையோடு இறங்கி வருவேன். கை கால் கழுவும் வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டாள். வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் உட்காரவைப்பாள். குடித்துக்கொண்டே பேசுவாள். வாயை எடுத்து, "இந்தப் பக்கம் தீந்துபோச்சு, அந்தப் பக்கம் குடு" என்பாள். அத்தை அடித்ததை, பூனை குட்டி போட்டதை, கோழி முட்டை உடைந்ததை எல்லாம் அந்த நேரத்தில்தான் சொல்லி முடிப்பாள்.

தெருவில் சிரித்தார்கள். "பள்ளிக்கூடத்துக்கு டிபன் பாக்ஸ் வாங்காத, நீயே போய் உக்காந்துக்கோ" என்றாள் ஒருத்தி. "உன்னுதையா குடுத்தேன்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு என் முகத்துக்கு நேரே யாரும் பேசவில்லை. பகலெல்லாம் அவளை விட்டுவிட்டுப் போகிறவள் நான். அவளுக்குப் பல் முளைத்ததை நான் பார்க்கவில்லை, முதல் அடி வைத்ததை நான் பார்க்கவில்லை. நாத்தனார் சொல்லித்தான் கேட்டேன். அந்தக் கால் மணி நேரம் ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமாக இருந்தது. அதை யாருக்காகவும் விட எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் நாள் தள்ளிப்போனது. என்னைவிட முன்னால் நாத்தனார் கண்டுபிடித்துவிட்டார். மகள் வாயை வைத்ததும் நான் பல்லைக் கடித்ததைப் பார்த்தவர், "இன்னாடீ, முகத்தச் சுளிக்கறே? முழுகாம இருக்கறியா?" என்று கேட்டார். உண்மைதான், காம்பெல்லாம் புண்ணாக இருப்பதுபோல எரிந்தது. பாலும் குறைந்துகொண்டு வந்தது. "தண்ணியா இருக்குதும்மா" என்று மகளே சொன்னாள். சொன்னாளே தவிர விடவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய வீட்டில் அன்றிலிருந்து சண்டை. "வயித்துல இருக்கறதோட பங்க இது உறிஞ்சுது. இதுக்கும் சவலை பாயும், அதுவும் நிக்காது. ரெண்டையும் கொல்லப் பாக்கறியா?" என்றார் நாத்தனார். சவலைப் பிள்ளை என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அடுத்தது வயிற்றில் இருக்கும்போது தாயிடம் பால் குடித்து, வயிறு ஊதிக் கை கால் சூம்பி, சிணுங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை. சின்ன வயதில் எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குச் சோறு இல்லாததுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மாவைக் கேட்டேன். "தாராளமா குடு. நீ ரெண்டு பேருக்கும் சேத்து நல்லா சாப்புடணும், அவ்ளோதான்" என்றார். கம்பெனியில் எனக்கு அடுத்த டேபிளில் இருப்பவரைப் பாஜி என்போம், உருதுவில் அக்கா என்று அர்த்தம். முஸ்லிம் வீட்டுப் பெண், மூன்று பிள்ளை பெற்றவர், என்மேல் பிரியம் ஜாஸ்தி. அவரையும் கேட்டேன். "எங்கள்ல ரெண்டு வருஷம்மா. அதுக்கு மேல இல்ல. உன் பொண்ணு குடிச்சது போதும், பேஜார் பண்ணிக்காத, நிறுத்திடு" என்றார். வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "அக்கா சொல்றதக் கேளேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் முடியும்வரை பிடிவாதமாகக் கொடுத்தேன்.

ஒரு நாள் கம்பெனியில் பாத்ரூம் போனபோது லேசாக ரத்தம் பட்டிருந்தது. அப்படியே திரும்பி வந்து பாஜியிடம் சொன்னேன். பாஜிதான் ஹெச்.ஆரிடம் சொல்லி வண்டி பிடித்து அனுப்பினார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, குழந்தை நன்றாக இருக்கிறது, இப்படிச் சிலருக்குப் படும், ஒரு வாரம் ஓய்வாக இரு என்றார்கள். பால் கொடுப்பதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடு என்றே சொல்லியிருப்பார்களோ என்னவோ. கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. 'அதுவும் நிக்காது' என்று நாத்தனார் சொன்னதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீடு திரும்பும் வழியிலேயே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நாத்தனார் வேப்பிலை அரைத்து வைத்திருந்தார். தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் வந்தாள், நக்கிப் பார்த்தாள், முகத்தை அஷ்டகோணலாக்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பாவாடை நுனியை எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, பழையபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "மொளகா தடவு. ஒரே நாள்ல விட்டுரும்" என்றார். "உங்க வாயில மொதல்ல தடவிப் பாருங்கண்ணி" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஓய்வு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், டேபிளில் அம்பு ஷீட்டைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். மிளகாய்க்கு இது மேல் என்றுதான் நினைத்தேன். வலிக்காது, எரியாது, குழந்தை அழாது. பாதி ஷீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். மாலையில் வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் துண்டால் நன்றாகத் துடைத்தேன். ஈரம் இருந்தால் அம்பு ஒட்டாது. கம்பெனியில் அப்பரைத் துடைத்துவிட்டுத்தான் ஒட்டுவோம். பிறகு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அம்பு ஒட்டிக்கொண்டு வந்தேன்.

அவள் வழக்கம்போல என் மடியில் ஏறினாள். நைட்டியின் ஜிப்பை இழுத்தாள். பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"அம்பு" என்றாள்.

"ஆமா கண்ணு."

அடுத்த பக்கத்தையும் பார்த்தாள். "இங்கயும் அம்பு. கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போவல. ரிப்பேர்ல இருக்குது."

"எப்ப சரியாவும்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அம்மா வயித்துல பாப்பா இருக்குதில்ல? பாப்பா வந்ததும் சரியாயிடும். அப்ப அம்ப எடுத்துடலாம். பாப்பா மொதல்ல குடிக்கட்டும், அப்புறம் நீ குடி."

"பாப்பா மொதல்ல. அப்புறம் நானு" என்று திருப்பிச் சொன்னாள். அழவில்லை. குனிந்து அந்த அம்புகளின்மேல் வாயால் ஊதினாள். அடிபட்ட இடத்தில் நாங்கள் அவளுக்கு ஊதுவோமே, அப்படி. பிறகு ஜிப்பை அவளே மேலே இழுத்து மூடிவிட்டு, மடியை விட்டு இறங்கிப் போனாள். அழுது புரண்டிருந்தால் நான் அன்றைக்கே அம்பைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

நாத்தனாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நல்ல புள்ளடீ, சொன்னதும் புரிஞ்சுகிச்சு பாரு" என்று தெருவெல்லாம் சொன்னார். கம்பெனியில் பாஜியிடம் நானே சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் டேபிள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தினமும் நான் வந்ததும், "அம்பு இருக்குதா?" என்று கேட்பாள். "இருக்குது" என்பேன். அவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு. அதனால் நிஜமாகவே குளித்ததும் புதிது எடுத்து ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க அடுத்தவர் தைத்ததில் அம்பு ஒட்டினேன், என் ரவிக்கைக்குள்ளும் அம்பு. பதினோரு நாள் கேட்டாள். பன்னிரண்டாம் நாள் வாசலுக்கு வரவில்லை, உள்ளே அத்தையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த ஷீட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் மெலிந்தாள். சோறு வேண்டாம், முட்டை வேண்டாம். விரலை வாயில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். மாலையில் நடந்ததையெல்லாம் சொல்லும் பழக்கமும் போய்விட்டது. இன்னா நடந்துச்சு என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பாள், பெரிய மனுஷிபோல. பால் குடித்தால் வரும் என்று சொன்ன சவலை, நிறுத்திய பிறகு வந்தது. நாத்தனார் கேழ்வரகு கஞ்சியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார். ஆனால் என் வயிறு மேடிட்டுக்கொண்டு வந்ததை மட்டும் அவள் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதை வைத்துக் கேட்பாள். "பாப்பா, சீக்கிரம் வா" என்று வயிற்றுக்குள் சொல்வாள். இந்தக் குழந்தைக்குத் தம்பி தங்கைமேல் எவ்வளவு ஆசை என்று வீட்டுக்காரர் சொன்னார். அவள் எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஐந்தாம் மாதம் முடியும் சமயத்தில் ஒரு நாள் வயிற்றில் அசைவு தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பாமல் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, துடிப்பு இல்லை என்றார். வலி வர மருந்து வைத்தார்கள். பிரசவம்போலத்தான் இருந்தது, முடிவில் சத்தம் மட்டும் இல்லை. ஆண் குழந்தை. பார்க்கிறாயா என்று நர்ஸ் கேட்டார். பார்த்தேன். என் மகளின் மூக்கு அப்படியே இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன். "பெரியவளுக்குப் பால் குடுத்ததாலயா மேடம்?" அவர் இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னார். "நீ குடுத்ததால இல்லம்மா. நிறுத்தாம இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். சில சமயம் காரணமே தெரியாது." அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நிறுத்தாமல் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றால், நான் எதற்காக நிறுத்தினேன்? அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க முடியாது. கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில் மகளிடம், "அம்மா பாப்பா கொண்டாரப் போயிருக்குது" என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கு அப்புறம் அதை மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாசலில் நின்றிருந்தாள். முதலில் என் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையை. பிறகு அவர் தூக்கி வந்த கட்டைப்பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். துணியும் ஃபிளாஸ்க்கும் இருந்தன. பையை மூடி மூலையில் வைத்தாள்.

தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி, பழைய டிபன் பாக்ஸ்காரிதான், "மூணு மாசம் வரைக்கும் குடுத்தா இல்ல, அதான் புள்ள வளர்றதுக்கு சத்து இல்லாம போய்டுச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். நான் எழுந்து பதில் சொல்லும் நிலையில் இல்லை. நாத்தனார் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "வாய மூடிக்கினு எழுந்து போ. டாக்டரே இல்லன்னு சொல்லிட்டாங்க, நீ யாருடீ?" என்றார். அந்தப் பேச்சை முதலில் தொடங்கிவைத்தவரே அவர்தான். எனக்கு நன்றியும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மூன்றாம் நாள் பால் வந்தது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தை இல்லையென்றால் பால் வராது என்று நான் நினைத்திருந்தேன். உடம்புக்கு அது தெரியவில்லை. காலையில் எழுந்தபோது மார்பு இரண்டும் கல்லாகக் கட்டியிருந்தது. நைட்டி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கர்ப்பத்தில் தண்ணீராகக் குறைந்துபோன பால், இப்போது யாருமில்லாத நேரத்தில் கொட்டியது. நாத்தனார் ஆம்பூர் பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிச் சரம் வாங்கிவந்தார். மார்பின்மேல் சுற்றிச் சுற்றி வைத்து, பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். மல்லி வைத்தால் பால் வற்றும் என்பார்கள். வீடு முழுக்கக் கல்யாண வீடுபோல வாசனை. அன்றிலிருந்து நான் மல்லி வைப்பதில்லை.

ஐந்தாம் நாள் ஆகியும் முழுக்க வற்றவில்லை. காய்ச்சல்போல உடம்பு கனன்றது. வாடிய பூவை அவிழ்த்துக்கொண்டிருந்த நாத்தனார் திடீரென்று, "இப்பிடி வலியில கெடக்கறதுக்கு நம்ம புள்ளைக்கே குடேன்டீ. ஏங்கிப்போய் இருக்குது அது" என்றார்.

"ரெண்டு மாசம் முன்ன எங்கண்ணி போச்சு இந்தப் புத்தி?" என்று கேட்டேன். கத்தக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவர் வாடிய பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கின்னாடீ தெரியும். எனக்கு அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாங்க. நான் பெத்தா வளத்தேன், எனக்குத் தெரியறதுக்கு?" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதுப் பூ வாங்கிவர பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பெற்று வளர்க்காதவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. நான் கேட்டது எதுவும் அந்த நாட்களில் திரும்ப எடுக்கிற மாதிரி இல்லை.

வீட்டில் நானும் மகளும் மட்டும். மதியம் மூன்று மணி இருக்கும். அவள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து காலி தைல டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டேன். வலிக்காகத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. எனக்கு அவள் வேண்டியிருந்தாள். மடியில் அந்தக் கனம் வேண்டியிருந்தது. வாயை எடுத்து எடுத்துக் கதை சொல்வாளே, அது வேண்டியிருந்தது. ஒரு குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், நானே தள்ளிவைத்த இன்னொன்றையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"பாச்சி குடிக்கறியா?" என்று கேட்டேன்.

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். கட்டில்மேல் ஏறினாள். நான் கட்டை அவிழ்த்தேன். அவள் உடனே வாயை வைக்கவில்லை. ஒரு பக்கம் பார்த்தாள், அடுத்த பக்கம் பார்த்தாள். விரலால் தொட்டு, சுற்றிலும் தடவிப் பார்த்தாள். பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"அம்பு போச்சு! பாப்பா வந்துடுச்சா?"

அவள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"எங்கம்மா பாப்பா?"

"நீ குடி கண்ணு."

"பாப்பா மொதல்ல. அப்புறம் நானு." நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில், அதே குரலில் சொன்னாள். வாயில் எச்சில் ஊறி அவள் விழுங்குவது எனக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாளே தவிர, குனியவில்லை.

"பாப்பா வரலம்மா" என்றேன்.

"எப்ப வரும்?"

இவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "வராது" என்றேன். "பாப்பா இனிமே வராது. நீயே குடிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எது எதனால் என்று அவள் மனதுக்குள் கோத்துப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா வந்தால்தான் சரியாகும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பாப்பா வரவில்லை.

"அப்ப இன்னும் ரிப்பேரு" என்றாள்.

கட்டிலை விட்டு இறங்கினாள். சமையல்கட்டிலிருந்து முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் போட்டாள். அதன்மேல் ஏறிக் கையைத் துழாவி, தூசி படிந்த அந்த ஷீட்டை எடுத்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. திரும்ப வந்து என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு அம்பை உரித்து ஒட்டினாள். ஒட்டவில்லை. ஈரத்தில் வழுக்கி என் மடியில் விழுந்தது.

அவள் பாவாடை நுனியை எடுத்தாள். அன்று வேப்பிலையைத் துடைத்தாளே, அதேபோல நன்றாகத் துடைத்தாள். வேறொரு அம்பை உரித்து ஒட்டினாள். அதற்குள் மறுபடி பால் சுரந்துவிட்டது. அதுவும் விழுந்தது. மூன்றாவது ஒன்றை எடுத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். கையை எடுத்ததும் கையோடு வந்துவிட்டது.

"ஒட்ட மாட்டேங்குதும்மா" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த அம்பை அவள் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்தில் வைத்து, என் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "ஒட்டிகிச்சு பாரு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு குனிந்து அதன்மேல் மெதுவாக ஊதிவிட்டு, ஜிப்பை என் கை தடுக்கும் வரைக்கும் மேலே இழுத்துவிட்டாள். டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நாத்தனார் பூவோடு வரும்வரை நான் விரலை எடுக்கவில்லை.